படப் புக்குக்கும் பெரிய நாவலுக்கும் நடுவுல: பசங்களுக்கு புது தமிழ்க் கதை எடுத்துக் குடுக்கிறது எப்படி

எங்க வீடு தண்டையார்பேட்டை. மொட்டை மாடியில ஷீட்டு போட்டு சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன், நாலாவதுல இருந்து ஒம்பதாவது வரைக்கும் பசங்க வராங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் பாடம் கிடையாது, கதைப் புக் மட்டும் தான். இது நாலு வருஷமா நடக்குது. இப்ப தெருவுல அம்மாங்க, கொருக்குப்பேட்டை பக்கம் டியூஷன் எடுக்கிற பொண்ணுங்க எல்லாம் "எந்தப் புக்கு வாங்குறது, எங்க கெடைக்கும், எம் பையன் தமிழ்னாலே ஓடுறான் என்னா பண்றது"னு கேக்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டா பாதி விஷயம் விட்டுப் போயிடுது, அதனால மொத்தமா ஒரே எடத்துல எழுதிடுறேன்.

சின்னக் கொழந்தைங்களுக்கு படப் புக்கு நெறைய இருக்கு, ஆனா எட்டு வயசாச்சுன்னா அது போதாது. அதுக்கு மேல நாம எடுத்துக் குடுக்கிறது ஒண்ணு நீதிக்கதை, இல்லன்னா பெரியவங்க படிக்கிற சரித்திர நாவல், அஞ்சாறு பாகம், கையில தூக்கினாலே வலிக்கிற கனம். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆறு வருஷம் இருக்கு பாருங்க, எட்டுல இருந்து பதினாலு, அங்க தான் பசங்க புக்க விட்டுட்டு போனுக்குப் போயிடுறாங்க. அது அவங்க தப்பு இல்ல, நாம அந்த வயசுக்குன்னு ஒண்ணும் கையில குடுக்கல. இங்கிலீஷ் புக் கடையில எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் மிடில் கிரேடு, அதுக்கு மேல யங் அடல்ட்னு தனித்தனி ஷெல்ஃபே இருக்கும். தமிழ்ல அந்தக் காலத்துல வாண்டுமாமா மாதிரி ஆளுங்க எழுதினாங்க, நம்ம அப்பாங்க எல்லாம் அதப் படிச்சு வளந்தவங்க தான், அப்புறம் ரொம்ப நாள் வறட்சி. இப்ப கொஞ்ச வருஷமா மறுபடியும் சிறார் நாவல், இளையோர் நாவல்னு அட்டையிலயே போட்டு வருது, நூறு பக்கம் சுமாருக்கு, பெரிய எழுத்துல, நடுநடுவுல படத்தோட. ஒரு பிரியாணி பார்சல் காசுக்கு நல்ல நாவலே கெடைக்குது. நம்ம பசங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் சொல்லல, அது தான் எனக்கு ஆதங்கம்.

புக்கு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஒரு வாரம் பையன் என்ன பேசுறான்னு காது குடுத்துக் கேளுங்க. நான் ஒரு நோட்டுல ஒவ்வொருத்தர் பேரையும் போட்டு பக்கத்துல எழுதி வச்சிருக்கேன், இவனுக்கு கேரம் போர்டு, இதுக்கு பேய்க் கதை, இவளுக்கு நாய்க்குட்டி, இவனுக்கு யாராவது மாட்டிக்கிட்டு தப்பிக்கணும், அப்படி. நாமளே முடிவு பண்ணிடக் கூடாது. காசிமேட்டுல இருந்து ஒரு பையன் வருவான், அவங்கப்பா போட்டுக்குப் போறவர், எந்தக் காத்து வாடை எது கொண்டல்னு எனக்கே சொல்லிக் குடுப்பான். அவனுக்கு கடல் கதை குடுத்தா சந்தோஷப்படுவான்னு தேடி வாங்கினேன். ரெண்டு பக்கம் பாத்துட்டு "அக்கா, இது எங்க வீடு க்கா, திருடன் போலீஸ் இருந்தா குடு"ன்னான். அன்னைக்கு தான் எனக்குப் புரிஞ்சுது, பசங்க கதையில அவங்க வாழ்க்கையவே பாக்கணும்னு சட்டம் இல்ல, இங்க இருந்து வேற எடத்துக்குப் போறதுக்கும் தான் புக்கு.

அடுத்து, எவ்ளோ கஷ்டமான புக்கு தாங்கும்னு பாக்கணும். இதுக்கு அஞ்சு விரல் கணக்கு ஒண்ணு இருக்கு, ரொம்ப ஈஸி. புக்கு நடுவுல ஏதோ ஒரு பக்கத்த தொறந்து பையன சத்தமா படிக்கச் சொல்லுங்க, தெரியாத வார்த்தை வந்தா ஒரு விரல மடக்கச் சொல்லுங்க. பக்கம் முடியறதுக்குள்ள அஞ்சு விரலும் மடங்கிடுச்சுன்னா அந்தப் புக்கு இப்ப வேணாம், ரெண்டு மூணு விரல்னா சரியா இருக்கும், ஒண்ணுமே மடங்கலன்னாலும் பரவால்ல, ஈஸியான புக்கு படிக்கிறது ஒண்ணும் குத்தம் இல்ல. ஏழாவது படிக்கிற பையன் மூணாவது லெவல் புக்கு எடுத்தா சிரிக்காதீங்க, பக்கத்துல இருக்கிறவனையும் சிரிக்க விடாதீங்க. அந்த ஒரு சிரிப்புல அவன் அடுத்த வாரம் வர மாட்டான்.

இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கு தமிழ்ல இன்னொரு பிரச்சனை. எழுத்து தெரியும், கூட்டிக் கூட்டிப் படிக்கும், ஆனா புக்குல ரெண்டு மூணு சொல்லு ஒண்ணா ஒட்டி வரும்போது எங்க பிரிக்கிறதுன்னு தெரியாம நின்னுடும். அப்புறம் புக்குத் தமிழ் வேற, நாம பேசுற தமிழ் வேற. இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, வாங்கும்போதே உள்ள புரட்டிப் பாத்து பேச்சு நெறைய இருக்கிற கதையா எடுக்கிறது. கதையில வர்றவங்க பேசுற எடம் பேச்சுத் தமிழ்ல இருந்தா பசங்க சடசடன்னு படிச்சிட்டுப் போயிடுறாங்க. அப்படி இல்லன்னாலும் பரவால்ல, "நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்"னு புக்குல இருந்தத எங்க பையன் ஒருத்தன் "இன்னாடா பண்ணினு கீற"ன்னு வாசிச்சான், மாடியே கலகலன்னு ஆயிடுச்சு, நான் நிறுத்தல. அர்த்தம் புரிஞ்சா தான அப்படி மாத்த முடியும். ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு ஒருத்தன் ஒரு பக்கம் இன்னொருத்தன் ஒரு பக்கம்னு சத்தமா படிக்க விட்டா மூணு மாசத்துல வேகம் வந்துடுது, நான் கண்ணால பாத்தது.

நம்ம ஏரியாவுல வீட்டுல தெலுங்கு பேசுறவங்க, உருது பேசுறவங்க, இந்தி பேசுறவங்க நெறைய. அவங்களுக்கு ஸ்டோரிவீவர் நல்லா ஒர்க் ஆகுது. பிரதம் புக்ஸ்ங்கிற பதிப்பகம் 2015ல ஆரம்பிச்ச கதை வெப்சைட் அது, ஆன்லைன்ல ஃப்ரீ, போன்லயே படிக்கலாம், டவுன்லோடும் பண்ணலாம், லெவல் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் பிரிச்சு வச்சிருக்காங்க. ஒரே கதை பல பாஷையில இருக்கும், அதனால மொதல்ல வீட்டு பாஷையில கதைய கேட்டுட்டு அப்புறம் அதே கதைய தமிழ்ல படிக்கச் சொல்லலாம். லெவல் நாலு முடிச்ச பசங்களுக்கு சின்ன நாவல் குடுத்தா பயப்பட மாட்டாங்க.

இப்ப எந்தப் புக்குன்னு வரேன். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு பிடிமானம் வேணும்ல, அதுக்கு சாகித்ய அகாடமி 2010ல இருந்து வருஷா வருஷம் குடுக்கிற பால சாகித்ய புரஸ்கார், அதாவது சிறார் புக்குக்கான விருது, அந்த லிஸ்ட்ட பாக்கலாம், ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு விருது, அம்பதாயிரம் ரூபா. தமிழுக்கு 2023ல உதயசங்கரோட ஆதனின் பொம்மை, 2024ல யூமா வாசுகியோட தன்வியின் பிறந்தநாள், 2025ல விஷ்ணுபுரம் சரவணனோட ஒற்றைச் சிறகு ஓவியா. ஆனா ஒண்ணு, விருது குடுக்கிறது பெரியவங்க. அதனால லிஸ்ட்ட வச்சு கடையில புக்க கண்டுபிடிங்க, உங்க பொண்ணுக்குப் பிடிக்குமான்னு மேல சொன்ன நோட்ட வச்சு பாருங்க.

தன்வியின் பிறந்தநாள் சிறுகதைங்க, அதனால ஒரு நாவல முழுசா இழுத்துப் பிடிக்க முடியாத பசங்களுக்கு நல்லது, ஒரு உக்காருல ஒரு கதை முடிஞ்சிடும், முடிச்சேன்ங்கிற சந்தோஷம் ரொம்ப முக்கியம். ஓவியாவ நான் பொண்ணுங்க கையில குடுக்கும்போது அட்டைய காட்டி "ஏன் ஒரே ஒரு சிறகு?"ன்னு மட்டும் கேப்பேன், வேற எதுவும் சொல்ல மாட்டேன், உங்களுக்கும் சொல்லல.

ஆதனின் பொம்மை கீழடிய வச்சு எழுதின நாவல். மதுரை பக்கத்துல தோண்டி எடுத்தாங்களே அந்தக் கீழடி தான், அங்க கெடைச்ச பானை ஓட்டுல குவிரன் ஆதன்னு தமிழி எழுத்துல, அதாவது தமிழோட பழைய எழுத்துல, கீறின பேரு இருக்கு. இத நான் மொதல்லயே சொல்லல. அவங்க படிச்சு முடிச்சப்புறம் அந்தப் பானை ஓட்டுப் படத்த போன்ல காட்டினேன், அய்யோ க்கா நெஜமான பேரான்னு ஒரே கத்தல். அடுத்த ஞாயிறு ஒடஞ்ச பூந்தொட்டி ஓட்டுல ஆணி வச்சு ஆளாளுக்கு பேரக் கீறிக்கிட்டு வந்தாங்க. கீழடி மியூசியம் 2023ல தொறந்துட்டாங்க, ஆனா எல்லாராலயும் அவ்ளோ தூரம் போக முடியாது. நாங்க எழும்பூர் மியூசியத்துக்குப் போனோம், அங்க ஆதிச்சநல்லூர்ல எடுத்த தாழி எல்லாம் இருக்கு, மெட்ரோவுல ஏறி சென்ட்ரல்ல மாறினா வந்துடும். ஒரு புக்கு முடிஞ்சதும் அத ஒட்டி ஒரு எடத்துக்குப் போறது பசங்க மனசுல அப்படி நிக்குது, எல்லா புக்குக்கும் முடியாது, வருஷத்துக்கு ஒண்ணு பண்ணாலும் போதும்.

இன்னொரு புக்கு, 2020ல இதே விருது வாங்கினது, யெஸ். பாலபாரதியோட மரப்பாச்சி சொன்ன ரகசியம். இதப் பத்தி கொஞ்சம் நீளமா தான் சொல்லணும். மரப்பாச்சி பொம்மை பேசுது, கதை ஜாலியா போகுது, ஆனா உள்ள இருக்கிற விஷயம் கொழந்தைங்க மேல தப்பா கை வைக்கிற பெரியவங்களப் பத்தி. பயமுறுத்தாம, அசிங்கமா இல்லாம, பசங்களுக்குப் புரியற மாதிரி எழுதியிருக்கு. இந்த வயசுக்கு இப்படி ஒரு நாவல் தமிழ்ல வந்தது பெரிய விஷயம்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா நம்ம வீடுங்கள்ல இதப் பேச வார்த்தையே கிடையாது. அம்மாவுக்கு சொல்லத் தெரியல, கொழந்தைக்கு கேக்கத் தெரியல, நடுவுல ஒரு பொம்மை வந்து பேசுது.

ஆனா இத சும்மா எடுத்துக் குடுத்துட்டுப் போயிடாதீங்க. மொதல்ல நீங்க முழுசா படிங்க, ரெண்டு ராத்திரி போதும். அப்புறம் பசங்க படிக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும், கேள்வி கேக்க இல்ல, சும்மா இருக்க. ஒரு தடவ ஒரு பொண்ணு படிச்சு முடிச்சிட்டு எல்லாரும் எறங்கிப் போனப்புறமும் போகாம படியிலயே உக்காந்திருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்காம பக்கத்துல போய் உக்காந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு தான் பேசுச்சு. அது என்னன்னு இங்க சொல்ல மாட்டேன், ஆனா அந்த மாதிரி ஒரு நேரம் உங்களுக்கும் வரலாம், அதுக்குத் தயாரா இருக்கணும். நடுவுல குறுக்கப் பேசாதீங்க, "ஏன் முன்னாடியே சொல்லல"ன்னு கேக்காதீங்க, "யாருகிட்டயும் சொல்லிடாத"ன்னு வாய் தவறிக்கூட சொல்லாதீங்க, உன் மேல தப்பு இல்லன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம் 1098க்கு போன் பண்ணுங்க, கொழந்தைங்களுக்கான ஹெல்ப்லைன், ஃப்ரீ, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க. 2012ல வந்த போக்சோ சட்டப்படி இந்த மாதிரி விஷயம் தெரிஞ்சும் சொல்லாம மறைச்சா அதுவே குத்தம், அதனால ஏரியாவுல பேரு கெடும், பெரியவங்க மனசு கஷ்டப்படும்னு எல்லாம் யோசிக்கவே கூடாது. ஞாயித்துக்கிழமை கதை நடத்துற எல்லாரும் அந்த நம்பர செவுத்துல பசங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி எழுதி வைங்க, நான் வச்சிருக்கேன்.

பதிமூணு பதினாலு ஆயிட்டா அட்டையில கார்ட்டூன் மாதிரி படம் இருக்கிற புக்க தொட மாட்டாங்க, சின்னப் பசங்களுதுன்னு சொல்லிடுவாங்க. அவங்களுக்குன்னு ஓங்கில் கூட்டம்ங்கிற பேர்ல சின்னச் சின்ன புக்கா வருது, பையில மடிச்சு வச்சுக்கலாம், அதக் காட்டிப் பாருங்க.

எங்க வாங்குறதுன்னா, வட சென்னைக்காரங்களுக்கு இப்ப ஒரு வசதி. விம்கோ நகர்ல இருந்து ஏர்போர்ட் போற மெட்ரோ லைன்ல திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்க ஏறினாலும் மாறாம நேரா தேனாம்பேட்டை, நந்தனம் போயிடலாம். தேனாம்பேட்டையில பாரதி புத்தகாலயம் இருக்கு, அவங்களே தான் புக்ஸ் ஃபார் சில்ரன்னு கொழந்தைங்க புக்கும் போடுறாங்க. வானம் பதிப்பகம் சிறார் புக்குல ரொம்ப கவனமா இருக்கிறவங்க, அவங்க பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க. நந்தனம் ஒய்எம்சிஏ கிரவுண்டுல பொங்கல் நேரத்துல புக் ஃபேர் வரும், 1977ல இருந்து நடக்கிறது, எல்லா ஸ்டால்லயும் பத்து பர்சன்ட் குறைப்பாங்க. அங்க போகும்போது லீவு நாள் சாயங்காலம் மட்டும் வேணாம், கூட்டத்துல பசங்க புக்க தொட்டுக் கூட பாக்க முடியாது, வார நாள்ல ஸ்கூல் விட்டதும் கெளம்பிடுங்க. ஒவ்வொருத்தன் கையிலயும் நூறு நூத்தம்பது ரூபா குடுத்து அவனையே வாங்கச் சொல்லுங்க, தப்பான புக்கு வாங்கினாலும் வாங்கட்டும், அவன் காசு போட்டு அவன் எடுத்த புக்கு, வீட்டுக்கு வர்றதுக்குள்ள மெட்ரோவுலயே பாதி படிச்சிடுவான். பழைய புக்குக்கு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸ் இருக்கு, மூர் மார்க்கெட் எரிஞ்சப்புறம் கடைங்க அங்க வந்துச்சு, ஆனா அங்க இங்கிலீஷ் தான் ஜாஸ்தி, புது தமிழ் சிறார் நாவல் அங்க தேடாதீங்க.

காசு போட முடியலன்னா விட்டுடாதீங்க. சொத்து வரியோட சேத்து நூலக வரியும் நாம தான் கட்டுறோம், வாடகை வீட்டுல இருக்கிறவங்களும் வாடகையில அதக் கட்டினு தான் இருக்காங்க, அதனால கிளை நூலகம் நம்மளுது, கூச்சப்படாம பசங்கள கூட்டினு போய் மெம்பர் ஆக்குங்க. பொதுவா வெள்ளிக்கிழமை லீவு. கொழந்தைங்க ரேக்குல பழசா தான் இருக்குன்னா நூலகர்கிட்ட புக்கு பேரு, பதிப்பகம் பேரு எழுதி ஒரு சீட்டு குடுங்க, மரியாதையா, மறுபடியும் மறுபடியும். கவர்மென்ட் ஸ்கூல் பசங்ககிட்ட ஏற்கனவே கொஞ்சம் இருக்கு, நாலு அஞ்சாவதுக்கு ஊஞ்சல், ஆறுல இருந்து ஒம்பது வரைக்கும் தேன்சிட்டுன்னு பத்திரிகை ஸ்கூலுக்கே வருது, வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு நாலு லெவல்ல சின்ன புக்குங்க இருக்கு. பீரோவுல பூட்டி இருந்தா டீச்சர்கிட்ட போய் தன்மையா கேளுங்க, பேரன்ட்ஸ் கேட்டா தொறக்கிறாங்க.

மொதல் நாள் எப்படி நடத்துறதுன்னா, நிறைய பேர கூப்பிடாதீங்க, ஆறு ஏழு பசங்க, ஒரே ஒரு நாவல். நீங்க சத்தமா படிங்க. மொதல் ரெண்டு அத்தியாயம் படிச்சிட்டு மூணாவதுல விஷயம் சூடாகுற எடத்துல புக்க மூடிடுங்க. "அக்கா அந்தப் பொண்ணு மாட்டிக்கிச்சா இல்லியா சொல்லு க்கா"ன்னு கெஞ்சுவாங்க, சொல்லாதீங்க, புக்க பாய் மேல வச்சிட்டு தண்ணி குடிக்க எழுந்து போங்க. திரும்பி வரும்போது யாராவது ஒருத்தர் கையில இருக்கும். எங்க வீட்டுல ஒரு தடவ கூட இது தப்பினது இல்ல. தெருவுல கன்டெய்னர் லாரி சத்தம் இருந்தா ராத்திரிய விட காலையில வைங்க, எங்களுக்கு காலையில ஏழு மணி தான் சரியா வருது, பசங்க பல்லு வெளக்கிட்டு வந்துடுறாங்க.

படிச்சு முடிச்சப்புறம் "இந்தக் கதையில இருந்து என்ன கத்துக்கிட்ட"ன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. அந்த ஒரு கேள்வி புக்க பாடமாக்கிடும். அதுக்குப் பதிலா எந்த எடத்துல கோவம் வந்துச்சு, நீ அங்க இருந்தா என்ன பண்ணியிருப்ப, எந்த ஆள உனக்குப் பிடிக்கல, இப்படிக் கேளுங்க. பிடிக்கலன்னு ஒரு பையன் சொன்னா அதுக்கும் மரியாதை குடுங்க, பாதியில வச்சிட்டு வேற எடுக்கட்டும். நாம சீரியல பாதியில விடுறோம்ல, அவனுக்கும் அந்த உரிமை உண்டு.

புக்க பாத்துக்கிறது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப நான் கீழ் ரூம்ல அலமாரி அடித்தட்டுல வச்சிருந்த முப்பது புக்கும் ஊறிப் போச்சு, காய வச்சும் பூஞ்சை புடிச்சிடுச்சு, பசங்க அழுதாங்க, நானும் தான். அதுல இருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, பரண் மேல, ஐப்பசி பொறந்ததும் எல்லாம் மேல ஏறிடும். பிரவுன் ஷீட்டு அட்டை போடாதீங்க, படம் மறைஞ்சிடும், பசங்க அட்டைய பாத்து தான் எடுக்கிறாங்க, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கவர் போடுங்க, முதுகுல செல்லோ டேப் ஒரு சுத்து.

வீட்டுக்கு எடுத்துட்டுப் போற புக்குக்கு ஒரு நோட்டு வைங்க, பேரு தேதி மட்டும், பசங்களே எழுதட்டும். ஃபைன் போடாதீங்க, ஃபைன் போட்டா புக்கும் வராது பையனும் வர மாட்டான். மூணு வாரம் ஆகியும் வரலன்னா வீட்டுக்கு ஒரு நடை போய் கேளுங்க. போன மாசம் ஒரு புக்கு ரெண்டு மாசமா வரலன்னு தேடிப் போனேன், அந்தப் பொண்ணு அத ராயபுரத்துல இருக்கிற சித்தி பொண்ணுக்கு குடுத்திருக்கு, அது பக்கத்து வீட்டுப் பையனுக்கு குடுத்திருக்கு, அவன் இன்னும் முடிக்கலையாம். நோட்டுல அந்த ரெண்டு பேரையும் சேத்து எழுதிட்டு வந்துட்டேன், அதே புக்கு இன்னொரு காப்பி வாங்கணும்.